அப்பாவின் கண்ணுக்குள் கிருமி: யாருடைய பிழை, பார்வை எவ்வளவு திரும்பும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான் விஷயம். அப்பாவுக்கு 67 வயது, சலரோகமும் இருக்கிறது. கற்றரக்ட் (கண் புரை) ஒப்பரேசன் நடந்து நாலு நாள் நல்லாய்த்தான் இருந்தார். ஐந்தாம் நாள் பின்னேரம் கண் மங்கிச் சிவந்தது. ஆறாம் நாள் காலை புதுக்குடியிருப்பிலிருந்து கொண்டு போனபோது, "கண்ணுக்குள் கிருமி தொற்றியிருக்கு, என்டொப்தல்மைற்றிஸ்" என்று சொல்லி கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். இப்போது பத்து நாள் ஆகிறது, முகத்துக்கு நேரே பிடித்தால் விரல்களை எண்ணுகிறார். ஏன் வந்தது, பார்வை திரும்புமா என்று கேட்கிறீர்கள். ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்றும் உங்கள் எழுத்துக்குள் இருக்கிறது. மூன்றாம் நாள் அவருக்குத் தலையில் தண்ணி வார்த்தது நீங்கள். கனடாவிலிருந்து அண்ணா போன் எடுத்து, "பிறைவேற்றிலை செய்திருக்கலாம், நீதான் கவனிக்கேல்லை" என்று சொல்லியிருக்கிறார். உங்களை நித்திரை கொள்ள விடாதது அந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் வன்னியில் கண் பிரிவில் பதினைந்து வருடத்துக்கு மேலாக வேலை செய்யும் வைத்தியர். விழித்திரைச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. இப்படியான கண்ணை முதலில் பார்ப்பது, உடனே ஊசி போடுவது, தேவையென்றால் ஏ9 வீதியால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, திரும்பி வந்தபின் மாதக்கணக்கில் கிளினிக்கில் பார்ப்பது, இவைதான் என் வேலை. அப்பாவின் கண்ணை நான் பார்க்கவில்லை. ஆகையால் கீழே சொல்வதெல்லாம் இந்த வருத்தத்தைப் பற்றியது. அவருடைய கண்ணைப் பற்றிய முடிவு, அதை விளக்கில் வைத்துப் பார்க்கும் வைத்தியருடையது.

கற்றரக்ட் ஒப்பரேசனுக்குப் பிறகு வரும் தொற்றில் பெரும்பாலான கிருமிகள் வெளியிலிருந்து வருவதில்லை. நோயாளியின் சொந்த இமை ஓரத்திலும் கண்ணின் மேற்தோலிலும் சாதாரணமாகக் குடியிருப்பவைதான் அவை. 1991இல் வெளிவந்த ஒரு ஆய்வில், தொற்றிய கண்ணுக்குள்ளிருந்து எடுத்த கிருமியையும் அதே ஆளின் இமையிலும் மூக்கிலும் இருந்த கிருமியையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒப்பரேசன் மேசையில் கத்தி வைப்பதற்கு முன் 5% பொவிடோன் அயடீனைக் கண்ணின் மேற்பரப்பில் விட்டு, சில நிமிடம் பொறுப்பது இதற்காகத்தான். அது கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கும், முற்றாக ஒழிக்காது. மிஞ்சிய ஒன்றிரண்டு, லென்ஸ் வைக்கும்போது கூடவே உள்ளே போய்விடும். பெரும்பாலான கண்கள் அதைத் தாங்களே சமாளித்துவிடும். சில கண்களால் முடிவதில்லை.

தலையில் தண்ணி வார்த்ததால் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். கிணற்றுத் தண்ணியிலும் குளத்துத் தண்ணியிலும் கிருமி இருக்கிறது. காயம் முழுதாக மூடும்வரை கண்ணுக்குள் தண்ணி போகக்கூடாது என்று நாங்கள் சொல்வது சும்மா அல்ல. ஆனால் ஒரு கண்ணில் தொற்று வந்தபின் திரும்பிப் பார்த்து, அந்தத் தண்ணிதான் காரணம் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவைப் போலத் தண்ணி வார்த்துக்கொண்ட எத்தனையோ பேர் ஒரு பிரச்சினையும் இல்லாமல் கிளினிக்குக்கு வருகிறார்கள். தலைக்குத் துணி கட்டி, முகம் கழுவாமல் பத்து நாளாய்ப் பத்தியம் இருந்தவருக்கும் வந்திருக்கிறது. ஊசி போடும்போது கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் திரவம் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் ஸ்ரபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற தோல் கிருமி வந்தால், அது அவருடைய இமையிலிருந்து வந்திருப்பதற்கே சாத்தியம் மிக அதிகம். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அண்ணாவுக்கு வட்சப்பில் அனுப்பலாம்.

பிறைவேற் பற்றி அண்ணா சொன்னதற்கும் ஒரு பதில் இருக்கிறது. உலகத்தின் மிக நல்ல கண் ஆஸ்பத்திரிகளிலும் ஆயிரத்தில் ஒருவருக்கோ, அதைவிடக் குறைவாகவோ இது வரத்தான் செய்கிறது. ஐரோப்பாவில் 9 நாடுகளில் 24 இடங்களில், சுமார் 16,000 பேரில் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒப்பரேசன் முடிவில் கண்ணுக்குள் செஃபுரொக்சிம் என்ற மருந்தைக் கொஞ்சம் விட்டால் தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று அதில் தெரிந்தது. அதன் பிறகு பல இடங்களில் அதையோ மொக்சிஃபுளொக்சசினையோ வழக்கமாகப் போடுகிறார்கள். குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்ல வேண்டும். ஒரே நாளில், ஒரே தியேட்டரில் ஒப்பரேசன் செய்த பலருக்கு ஒன்றாகத் தொற்று வந்தால் அது வேறு கதை. அப்போது இமைக் கிருமியைச் சாட்ட முடியாது. கழுவும் திரவமோ, துளிமருந்தோ, கருவியோ என்று தேட வேண்டும், தியேட்டரை மூட வேண்டும். 2023இல் நுவரெலியாவில் கற்றரக்ட் ஒப்பரேசன் செய்தவர்கள் சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டு, துளிமருந்து மீது சந்தேகம் எழுந்து நாடெங்கும் செய்தியானது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவோடு அன்று ஒப்பரேசன் செய்த மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இது தனி ஒரு ஆளுக்கு வந்தது. அதை யார் தலையிலும் கட்ட எனக்கு நியாயம் தெரியவில்லை, உங்கள் தலையில் நிச்சயமாக இல்லை.

இனி, இந்தத் தொற்று ஏன் இவ்வளவு பொல்லாதது என்பது. ஓ.எல் விஞ்ஞானத்தில் கண்ணாடியுடனீர் என்று படித்திருப்பீர்கள். கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் தெளிந்த ஜெலி அது. நாலு மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே உடம்பின் காவற்காரர்கள் அங்கே லேசில் போய்ச் சேர முடியாது, குளிசையாகவோ கையில் ஏற்றும் ஊசியாகவோ கொடுக்கும் மருந்தும் தேவையான அளவுக்குப் போய்ச் சேராது. ஆனால் கிருமிக்கு அது லாப்பில் வளர்க்கும் தட்டு மாதிரி. அந்த ஜெலிக்குப் பின்னால் ஒட்டியபடி விழித்திரை இருக்கிறது. கிருமியின் நஞ்சும், அதை எதிர்த்து வரும் வெள்ளைக் கலங்கள் விடும் பொருட்களும் சேர்ந்து விழித்திரையை அரிக்கும். தோல் போலவோ ஈரல் போலவோ விழித்திரை திரும்ப வளராது. அதனால்தான் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே போடுகிறோம். வன்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்ராசிடிம் 2.25 மில்லிகிராம், ஒவ்வொன்றும் 0.1 மில்லிலீற்றரில். இரண்டு சொட்டு அளவுதான். "கண்ணுக்கை ஊசியோ" என்று கேட்டுச் சனம் பயப்படுவது எனக்கு விளங்கும். ஆனால் மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுகிறோம், அந்த இரண்டு சொட்டுக்கு ஈடான வேறு மருந்து இல்லை.

இருட்டறையில் விளக்கில் வைத்துப் பார்க்கும்போது இந்தக் கண் எப்படி இருக்கும் என்று ஒருமுறை சொன்னால் உங்களுக்கு விளங்கும். கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் இருக்க வேண்டிய இடத்தில் தூசு மிதப்பது போல வெண்துகள்கள் மெல்லச் சுழலும். அடியில், அரைப்பிறை வடிவில், ஆறிய கஞ்சியின் அடியில் மண்டி படிந்தது போல ஒரு வெள்ளைக் கோடு. ஆளைச் சரித்துப் படுக்க வைத்தால் அதுவும் சரியும். அது சீழ். ஒப்பரேசன் செய்த கண்ணில் அந்தக் கோட்டைக் கண்டால் வேறு சந்தேகம் தீரும்வரை தொற்று என்றே எடுப்போம். ஒப்பரேசன் முடிந்து ஒன்றிரண்டு நாளுக்குள்ளேயே, நோ பெரிதாக இல்லாமல் முன்பகுதி மட்டும் கலங்குவதும் உண்டு. அது கிருமி இல்லாத வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. அப்பாவுக்கு ஐந்தாம் நாள் வந்தது தொற்றின் வழக்கமான காலத்துக்குள்தான் விழுகிறது.

பார்வை திரும்புமா? இதற்கு எங்களிடம் இருக்கும் மிக உறுதியான சான்று அமெரிக்காவில் நடந்து 1995இல் வெளியான பெரிய ஆய்வு. கற்றரக்ட் ஒப்பரேசனுக்கோ லென்ஸ் வைத்த பிறகோ ஆறு வாரத்துக்குள் தொற்று வந்த 420 பேர் அதில் இருந்தார்கள். முடிவில் 53% பேருக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை வந்தது. கண்ணாடியோடு பேப்பர் படிக்கக்கூடிய பார்வை அது. 74% பேருக்கு 6/30 அல்லது மேல். வீட்டுக்குள் முற்றத்துக்குள் நடமாட, ஆட்களை அடையாளம் காண அது போதும். 5% பேருக்கு வெளிச்சமே தெரியாமல் போனது. அப்பாவுக்கு இதிலிருந்து இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது, வந்த நேரத்தில் எவ்வளவு தெரிந்தது என்பதுதான் முடிவை மிகக் கூடுதலாகச் சொல்கிறது. கையை அசைத்தால் தெரிகிறது என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தவர்களில், ஊசி மட்டும் போட்டவர்களும் உடனே ஜெலியை அகற்றும் ஒப்பரேசன் செய்தவர்களும் ஒரே மாதிரித்தான் தேறினார்கள். ரோர்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்து வந்தவர்களில் ஒப்பரேசன் செய்தால் 33% பேர் 6/12ஐ எட்டினார்கள், ஊசி மட்டும் என்றால் 11%. ஆறாம் நாள் காலை உங்கள் கை அசைவு அவருக்குத் தெரிந்ததா என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும், பாருங்கள்.

இரண்டாவது, எந்தக் கிருமி என்பது. தோல் ஸ்ரபிலோகொக்கஸ் வந்தவர்களில் 84% பேர் 6/30ஐ எட்டினார்கள். ஸ்ரெப்ரோகொக்கஸ் வந்தவர்களில் அது 30%. ஒரே ஆய்வு, ஒரே ஊசி மருந்து. ஆனாலும் கிருமி மாறினால் விதி மாறுகிறது. அந்த ஆய்வில் சலரோகம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தார்கள். அதை மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். கண்ணுக்கு விடும் துளியைப் போல அதுவும் இப்போது ஒரு மருந்து.

பத்தாம் நாளில் விரல் எண்ணுகிறார் என்பது கெட்ட செய்தியல்ல. கிருமி செத்தபின்னும் ஜெலிக்குள் குப்பை மிதந்துகொண்டிருக்கும், அது தெளிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். மேலே சொன்ன ஆய்விலும் முடிவுப் பார்வையை 9 முதல் 12 மாதத்தில்தான் எடுத்தார்கள். நான் பார்த்த ஒரு அம்மா, இரண்டாம் வாரம் விரல் எண்ணியவர், மூன்று மாதத்தில் அரிசியில் கல் பொறுக்கினார். அப்படியே நின்றுபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவது, விழித்திரை கழன்றுவிடுவது, கண்ணின் அமுக்கம் ஏறுவது, இவைதான் பிறகு வழி மறிப்பவை. ஜெலி தெளியும்வரை உள்ளே பார்க்க முடியாதென்பதால், கண்ணுக்கு மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கான் செய்வார்கள். அதை எப்போது செய்தார்கள், விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்று அடுத்தமுறை கேளுங்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. வைத்தியர்களுக்குள்ளேயே உடன்பாடில்லாதவையும் உண்டு. கண்ணுக்குள் ஸ்ரெரொய்ட்டும் சேர்த்துப் போடலாமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று இணங்கவில்லை. பங்கஸ் (பூஞ்சணம்) என்ற சந்தேகம் இருந்தால் கூடாது என்பதில் மட்டும் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறோம். 1995க்குப் பிறகு கருவிகள் மிக மெல்லியதாகிவிட்டன, அதனால் வெளிச்சம் மட்டும் தெரிபவர்களுக்கு என்று நிறுத்தாமல் எல்லோருக்கும் ஜெலியை முந்தியே எடுத்தால் என்ன என்று பல நிபுணர்கள் கேட்கிறார்கள். அதற்கு அந்தப் பழைய ஆய்வு போன்ற பலமான பதில் இன்னும் இல்லை. ஆகவே அப்பாவுக்கு உடனே ஒப்பரேசன் செய்யவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஊசி போட்டுப் பார்த்து, தேறாவிட்டால் மறுபடி ஊசியோ ஒப்பரேசனோ என்பது பிழையான வழி அல்ல.

உங்கள் கேள்வியைப் படிக்கும் மற்றவர்களுக்காக எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். வன்னியில் நான் கண்ட மிக மோசமான கண்கள் ஒப்பரேசனால் வந்தவை அல்ல, காயத்தால் வந்தவை. காலபோகத்துக்கு உழும் நேரம். லான்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் கலப்பையில் இறுகிய ஆணி ஒன்றைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிய ஒருவருக்கு, இரும்புச் சிதர் ஒன்று கண்ணில் தெறித்தது. சிறு முள் குத்தின மாதிரி இருந்தது என்றார். கிணற்றடியில் கண்ணைக் கழுவிவிட்டு மிச்ச வயலையும் உழுதார். இரவு கண் வெடிப்பது போல நோ, பனடோல் இரண்டு. அடுத்த நாள் வீட்டில் கலியாணம், அதனால் அதற்கும் மறுநாள் வந்தார். இமை மூட முடியாமல் வீங்கி, காய்ச்சலோடு, கருவிழி முழுக்கப் பால் நிறம். எக்ஸ்ரேயில் எள்ளளவு இரும்பு தெரிந்தது. மண் ஒட்டிய இரும்போடு உள்ளே போகும் பசிலஸ் என்ற கிருமி 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் ஒரு கண்ணை முடித்துவிடும். அவருடைய கண்ணை நாங்கள் காப்பாற்றவில்லை. அன்று பின்னேரமே வந்திருந்தால் காப்பாற்றியிருப்போம் என்றும் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் முயற்சி செய்ய ஒரு கண் இருந்திருக்கும். இரும்பை இரும்பால் அடிக்கும்போது ஏதாவது தெறித்தது போலிருந்தால், நோ இல்லாவிட்டாலும், கண்ணை அமத்தாமல், கசக்காமல், ஒரு கடின மூடியை வைத்துக் கட்டிக்கொண்டு உடனே வாருங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும்.

அரிவி வெட்டு நேரம் நெல் இலையோ சுணையோ பட்டு வரும் கருவிழிப் புண்ணும் இப்படித்தான், கவனிக்காவிட்டால் உள்ளே இறங்கும். அதில் பங்கஸ் அதிகம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று நாலு நாள் விட்டுவிட்டு வருபவர்களையும், பார்மசியில் சொல்லி வாங்கிய ஸ்ரெரொய்ட் துளியை விட்டுக்கொண்டு வருபவர்களையும் ஒவ்வொரு போகமும் காண்கிறேன். இரண்டாவதுதான் கூடக் கொடுமை, ஏனென்றால் சிவப்பு குறைந்து சுகம் போலத் தெரிய உள்ளே புண் ஆழமாகும். சலரோகம் உள்ளவர்களுக்கு, கண்ணில் காயமே இல்லாமல், ஈரலிலோ சிறுநீரிலோ இருக்கும் தொற்று இரத்தம் வழியே கண்ணுக்கு வருவதும் உண்டு. ஈரல் கட்டியில் இருக்கும் கிளெப்சியெல்லா அதில் மிகப் பொல்லாதது. காய்ச்சலோடு வோட்டில் கிடக்கும் சலரோகக்காரர் கண் மங்குது என்றால் கண் வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அப்பா ஐந்தாம் நாள் சொன்ன வார்த்தையை நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "நோ இல்லைப் பிள்ளை, கொஞ்சம் கலக்கமாக் கிடக்கு, திங்கக்கிழமை கிளினிக் தானே." எனக்கு மிகப் பழகிய வார்த்தை இது. மேலே சொன்ன 420 பேர் ஆய்வில் நாலில் ஒருவருக்கு நோ இருக்கவில்லை, ஆனால் மங்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. ஒப்பரேசன் செய்த கண் நாளுக்கு நாள் தெளிய வேண்டும். நேற்றைவிட இன்று மங்கல் என்றால் கிளினிக் திகதி பார்க்கத் தேவையில்லை. நீங்கள் திங்கள் வரை பொறுக்காமல் மறுநாள் காலையே கொண்டு போனீர்கள். இன்றைக்கு அவர் விரல் எண்ணுகிறார் என்றால் அதில் நீங்கள் பொறுக்காமல் மிச்சம் பிடித்த அந்த நாட்களுக்கும் பங்கிருக்கிறது.

கடைசியாக, மற்றக் கண். இந்தத் தொற்று ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்குப் பரவாது. அப்பாவின் மற்றக் கண்ணிலும் புரை இருக்கிறதென்றும், "இனி ஒப்பரேசனே வேண்டாம்" என்று அவர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்து, மிஞ்சிய ஒரே கண்ணில் புரையோடு எங்களிடம் வருபவர்கள் பலர். அவர்களுக்கும் இதே பயம்தான், அவர்களில் பெரும்பாலானோர் ஒப்பரேசன் செய்து நல்லாய்ப் பார்க்கிறார்கள். அவசரமில்லை. இந்தக் கண் அடங்கட்டும், சீனி இறங்கட்டும், இமை ஓரத்தில் அழுக்கோ வீக்கமோ இருந்தால் அதற்கு மருந்து செய்யட்டும். அதன் பிறகு இந்த முறை நடந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லி, கல்ச்சர் ரிப்போர்ட்டையும் காட்டி முடிவெடுங்கள். அதுவரை துளிமருந்து விடும்போது போத்தலின் நுனி இமையில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்து ஒரு மாதம் கடந்த போத்தலை, மிச்சம் இருந்தாலும், எறிந்துவிடுங்கள். ஒரு பக்கத்தால் கறுப்புத் திரை விழுவது போல இருக்கிறது, மின்னல் வெட்டுவது போல இருக்கிறது என்று அப்பா சொன்னால், அது எந்தக் கிழமையானாலும் அன்றைக்கே கொண்டு போங்கள்.